பழைய காரின் அடிப்பக்கமும் துருவும்: கறுப்புப் பூச்சுக்கு உள்ளே நடப்பது என்ன?

பழைய கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் துருவில்தான் வந்து நிற்கும். "அடியில் அண்டர்கோட்டிங் அடித்துவிட்டேன், இனிக் கவலையில்லை" என்பார் ஒருவர். "என் வண்டி ஷெட்டை விட்டு வெளியே வருவதே இல்லை, அதற்கு எங்கிருந்து துரு?" என்பார் இன்னொருவர். "துருவை மாற்றும் திரவம் இருக்கிறதே, தடவினால் தீர்ந்தது" என்பார் மூன்றாமவர். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தையே முழுசாக நம்பிவிடுவதால்தான், மேலே கறுகறுவென்று புதுப்பூச்சும் உள்ளே சருகாகிப்போன தகடுமாக வண்டிகள் பட்டறைக்கு வருகின்றன.

துருவை மறைப்பது ஒரு வேலை. தடுப்பது வேறு வேலை. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால், எதை எங்கே பூசுவது, எங்கே பூசாமல் விடுவது என்பதெல்லாம் பெரும்பாலும் தானாகவே விளங்கும். அதற்குத் துரு எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து வர வேண்டும்.

## தகட்டின்மேல் ஒரு குட்டி பேட்டரி

ஒரு பேட்டரிக்குள் இருப்பவை இரண்டு முனைகளும், அவற்றுக்கு நடுவே ஈரமான ஒரு ரசாயனமும். ஒரு முனையில் உலோகம் கரைந்து எலக்ட்ரான்களை விடுகிறது. அவை கம்பி வழியாக ஓடி மறுமுனைக்குப் போகின்றன. நடுவிலுள்ள ஈரம் அந்தச் சுற்றை முழுமையாக்குகிறது.

இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு நீர் நின்றாலே இந்த ஏற்பாடு தயார். தகட்டின் ஒரு புள்ளியில் இரும்பு கரைந்து எலக்ட்ரான்களை விடுகிறது. அவை தகட்டுக்குள்ளேயே பக்கத்துப் புள்ளிக்கு ஓடுகின்றன. அங்கே நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. கரைந்த இரும்பும் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்து பழுப்புத் தூளாகப் படிகின்றன. அதுதான் துரு. அதாவது நாம் கண்ணால் பார்க்கும் துரு, ஏற்கெனவே நடந்து முடிந்த ஒன்றின் மிச்சம். கரைந்த இடம் அதற்குப் பக்கத்திலோ அடியிலோ இருக்கும்.

இந்தச் சுற்றில் மின்சாரத்தைக் கடத்தும் ஈரத்துக்கு மின்பகுளி என்று பெயர். தூய நீர் மந்தமான மின்பகுளி. அதில் உப்பு கலந்தால் மின்சாரம் தாராளமாக ஓடும், துருவும் அதே வேகத்தில் வளரும். கடலோரக் காற்றிலும், பனி உருக உப்புத் தூவும் சாலைகளிலும் ஓடும் வண்டிகள் மற்றவற்றைவிட வேகமாக அரிபடுவது இதனால்தான்.

அலுமினியமும் ஆக்சிஜனோடு சேரத்தான் செய்கிறது. ஆனால் அதன்மேல் உருவாகும் ஆக்சைடு மெல்லிய தோல்போல ஒட்டிக்கொண்டு, கீழிருக்கும் உலோகத்தைக் காத்துவிடுகிறது. இரும்பின் துரு அப்படியல்ல, அது பஞ்சு. நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தான் பிறந்த இரும்பைவிட 2 முதல் 6 மடங்குவரை இடத்தை அடைத்துக்கொள்வதால், தன்மேல் இருக்கும் பெயின்டையும் தள்ளித் தூக்கிவிடும். பெயின்டில் கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே இந்தப் பஞ்சு ஊதிக்கொண்டிருக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: துருவுக்கு இரும்பு, ஆக்சிஜன், ஈரம் மூன்றும் வேண்டும்; உப்பு அதை விரட்டி ஓட்டும். இரும்பை விலக்க முடியாது. மிச்சமிருக்கும் இரண்டில் ஒன்றையாவது தகட்டிடமிருந்து பிரித்துவைப்பதுதான் நம் வேலை.

## ஓடும் நீரும் தங்கும் ஈரமும்

நனைந்த துணியைக் கொடியில் விரித்தால் ஒரு வேளையில் காய்ந்துவிடும். அதையே சுருட்டி மூலையில் போட்டால் நாலு நாளானாலும் உள்மடிப்பு ஈரமாகவே இருக்கும். காரின் அடிப்பக்கத்திலும் இதே கணக்குத்தான். திறந்த தகட்டில் தெறிக்கும் மழைநீர் சீக்கிரம் வடிந்து காய்ந்துவிடும். சக்கரத்தை மூடும் வளைவான வீல் ஆர்ச்சின் உள்விளிம்பில் அப்பியிருக்கும் சேறு சுருட்டிவைத்த ஈரத்துணி. அதற்குப் பின்னாலிருக்கும் தகடு வாரக்கணக்கில் நனைந்தபடியே கிடக்கும்.

வெளியே எடுக்காத வண்டிக்குத் துரு வராது என்பதும் இங்கேதான் உடைகிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தாண்டினாலே, இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து துருவுக்கு வழி திறக்கும். தகட்டில் உப்புத் தூசி ஒட்டியிருந்தால் அதற்கும் குறைந்த ஈரப்பதமே போதும், ஏனென்றால் உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுக்கும். இரவில் குளிர்ந்த தகட்டின்மேல் விடிகாலையின் ஈரக்காற்று பட்டால், குளிர்நீர் ஊற்றிய டம்ளர் வெளியே வியர்ப்பதுபோல அதுவும் வியர்க்கும். மண்தரையும் மூடிய ஜன்னலுமாக இருக்கும் ஷெட்டில் இந்த வியர்வை காய வழியே இல்லை.

நனைந்த காரைக் கதகதப்பான, காற்றோட்டமில்லாத அறையில் நிறுத்துவது இன்னும் மோசம். வெப்பம் ரசாயன மாற்றத்தை வேகப்படுத்தும். ஈரமோ எங்கும் போகாது. குளிராக இருந்தாலும் காற்றோடும் கொட்டகை அதைவிட மேல்.

## இடுக்கில் நடக்கும் விஷமம்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். அடிப்பக்கப் பாதுகாப்பில் நடக்கும் தவறுகளில் பாதி, இது தெரியாததால் நடப்பவை.

ஆக்சிஜன் எங்கே அதிகமோ அங்கேதான் இரும்பு அதிகம் அரிக்கும் என்று யாருக்கும் தோன்றும். நடப்பது தலைகீழ். கேம்பிரிட்ஜில் உலோக அரிமானத்தை ஆராய்ந்த யூலிக் எவன்ஸின் பெயரால் ஒரு புகழ்பெற்ற சோதனை உண்டு. சுத்தமான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீர் வைப்பார்கள். சொட்டின் விளிம்பில் காற்று எளிதாகப் புகும், நடுவில் புகாது. சற்று நேரம் கழித்துப் பார்த்தால், குழி விழுந்திருப்பது ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதியில். காற்றுப் படும் விளிம்பு எலக்ட்ரான்களை வாங்கும் முனையாகிவிடுகிறது; அவற்றைத் தரவேண்டிய பொறுப்பு காற்றுப் படாத நடுவுக்கு. கரைவது அதுதான்.

இப்போது காருக்கு வாருங்கள். பழைய காரின் அடிப்பக்கம் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, சில சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி என்று ஸ்பாட் வெல்டிங் செய்து இணைத்தது. இரண்டு தகடுகளுக்கு நடுவே முடியளவு இடுக்கு இருக்கும். நீர் நுண்ணிய குழாயில் ஏறுவதுபோல அதற்குள் ஏறிவிடும். ஆக்சிஜன் சிரமப்பட்டுத்தான் புகும். ஆகவே இடுக்கின் உள்பக்கம் கரைந்துகொண்டே இருக்கும். வெளிப்பக்கப் பெயின்ட் கடைசிவரை நன்றாகத்தான் தெரியும்.

தடித்த கறுப்புப் பூச்சின் சிக்கலும் இதே வகைதான். பிட்டுமன், அதாவது தார் வகையில் செய்த பழைய அண்டர்கோட்டிங் புதிதில் ரப்பர்போல இருக்கும். ஆண்டுகள் போகப்போக எண்ணெய்ப்பசை வற்றி இறுகும், வண்டியின் அதிர்வில் வெடிக்கும். ஒரு கல் பட்டு ஓரிடத்தில் பிளந்தால் நீர் உள்ளே போய், பூச்சுக்கும் தகட்டுக்கும் நடுவே பரவும். வெளியே வர வழி கிடையாது. தகட்டைக் காக்கப் பூசியது, தானே ஒரு பெரிய இடுக்காக மாறிவிடுகிறது. துருவைச் சுரண்டாமல் அதன்மேலேயே இதைப் பூசினால், இடுக்கை முதல் நாளே செய்து கொடுத்தாயிற்று.

சுருக்கமாக: இரும்பு அதிகம் கரைவது ஈரம் இருந்து காற்றுக் குறைந்த இடத்தில். தகடுகளின் இணைப்பு, சேற்றின் பின்புறம், தூக்கிய பூச்சின் அடி மூன்றும் அப்படிப்பட்ட இடங்கள்.

## பழைய கார் ஏன் இவ்வளவு பலவீனம்?

தகடு மெல்லியது. பெரும்பாலான பழைய கார்களின் உடல் 0.7 முதல் 1.2 மி.மீ. தடிமனுள்ள சாதாரண எஃகு. இன்றைய கார்களில் பரவலாக இருக்கும் துத்தநாக முலாம் அன்று அரிது. போர்ஷே 911 காருக்கு 1976 மாடலிலிருந்து உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த தகடு வந்ததைப் பெரிய செய்தியாகச் சொன்னார்கள் என்றால் மற்ற வண்டிகளின் நிலையை யோசித்துக்கொள்ளுங்கள். முழு உடலையும் ப்ரைமர்த் தொட்டியில் முக்கி, மின்சாரத்தால் எல்லா மூலையிலும் படியவைக்கும் இன்றைய முறையும் 1970களின் நடுவில்தான் பரவத் தொடங்கியது. அதற்கு முந்தைய பல கார்களின் பெட்டிச் சட்டங்களுக்குள் வெறும் தகடுதான்.

பெட்டிச் சட்டம் என்பது தகட்டை நாலு பக்கமும் மடித்து மூடிய குழாய் போன்ற பாகம். கதவுக்குக் கீழே முன்னும் பின்னுமாக ஓடும் கதவடிப் பெட்டி, எஞ்சினைத் தாங்கும் நீளச் சட்டம், தரைக்குக் குறுக்கே போகும் சட்டம் எல்லாம் இந்த வகை. உடலைச் சுமக்கும் தனி அடிச்சட்டம், அதாவது சேஸிஸ், இல்லாத கார்களில் வண்டியின் பலமே இவற்றில்தான் இருக்கிறது. இவற்றின் அடியில் நீர் வடிய ஓட்டைகள் வைத்திருப்பார்கள். சேறோ, கண்மூடித்தனமாக அடித்த அண்டர்கோட்டிங்கோ அந்த ஓட்டைகளை அடைத்துவிட்டால், பெட்டி தொட்டியாகிவிடும். அதனால்தான் கதவடிப் பெட்டியில் வெளியே ஓட்டை தெரியும்போது, உள்ளே கதை எப்போதோ முடிந்திருக்கும்.

ஒவ்வொரு மாடலுக்கும் பேர்போன பலவீனங்களும் உண்டு. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் கதவுக்கு அடியில் ஓடும் வெப்பக்காற்றுக் குழாய்ச் சட்டம். பழைய மினியில் பின்சக்கரங்களைத் தாங்கும் துணைச் சட்டம். பழைய லேண்ட் ரோவரில் உடல் அலுமினியம் என்றாலும் அதைச் சுமக்கும் எஃகு சேஸிஸ், அதிலும் பின்கோடி. அலுமினியமும் எஃகும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அங்கே இன்னொரு பேட்டரி உருவாகி அலுமினியம் பொடியாகும். உங்கள் மாடலை வைத்திருக்கும் நாலு பேரைக் கேட்டால், முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள்.

## பூச்சு என்ற ஒரே பெயரில் ஐந்து வேலைகள்

கடையில் எல்லாமே துருத் தடுப்பான் என்று விற்கப்படுகிறது. உள்ளே நடப்பது வெவ்வேறு.

தடுப்புச் சுவர். எபாக்சி ப்ரைமர் இந்த வகை. இரண்டு பகுதிகளைக் கலந்து அடிப்பது. காய்ந்ததும் நீரும் ஆக்சிஜனும் எளிதில் ஊடுருவாத அடர்ந்த படலமாகும். சுத்தமான தகட்டில் இறுக ஒட்டும். சாதாரணமாக எல்லாரும் அடிக்கும் ரெட் ஆக்சைடு ப்ரைமர் ஈரத்தை இந்த அளவுக்குத் தடுக்காது. அதை மட்டும் அடித்துவிட்டு வண்டியின் அடிப்பக்கத்தை மறந்துவிடக் கூடாது.

தன்னைக் கொடுத்துக் காப்பது. துத்தநாகம் இரும்பைவிட எளிதில் கரையும். இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால், பேட்டரியில் கரையும் முனையாகத் துத்தநாகம் முன்வந்து, இரும்பைத் தப்பவிடும். 1824இல் ஹம்ஃப்ரி டேவி பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செப்புத் தகட்டைக் கடல்நீரிலிருந்து காக்க இதே தத்துவத்தைத்தான் சொன்னார். ஆனால் ஒரு நிபந்தனை: துத்தநாகமும் இரும்பும் மின்சாரம் ஓடும்படி நேராகத் தொட வேண்டும். துத்தநாகம் நிறைந்த ப்ரைமரின் காய்ந்த படலத்தில் எடையில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் துத்தநாகத் தூள் வைப்பது இதற்காகவே. துருவின்மேலோ பழைய பெயின்டின்மேலோ அதை அடித்தால் அது வெறும் சாம்பல்நிறப் பெயின்ட். மின்கலன் வைத்து "எலக்ட்ரானிக் முறையில் துருவைத் தடுக்கும்" பெட்டிகள் காருக்குப் பயன்படாததற்கும் காரணம் இதே சுற்றுதான்: கப்பலைச் சுற்றிக் கடல் இருக்கிறது, காரைச் சுற்றி இருப்பது காற்று. சுற்றை முழுமையாக்கும் மின்பகுளி அங்கே தொடர்ச்சியாக இல்லை.

ஊர்ந்து போய் நீரை விரட்டுவது. மெழுகு, கம்பளிக் கொழுப்பான லானோலின், சிறப்பு எண்ணெய்கள் இந்த வகை. முழுதாக இறுகாது. இடுக்குக்குள் தானே ஊர்ந்து போகும். கீறல் விழுந்தால் ஓரளவு தானே மூடிக்கொள்ளும். முந்தைய பகுதியில் பார்த்த இடுக்குக்கு உண்மையான மருந்து இதுதான். குறை என்னவென்றால், தெறிக்கும் நீரும் மணலும் நாளடைவில் கழுவிக் கொண்டுபோய்விடும்.

கல்லடிக் கவசம். வீல் ஆர்ச்சிலும் தரையின் முன்பகுதியிலும் சக்கரம் வீசும் கற்கள் ப்ரைமரைச் செதுக்காமல் இருக்க, ரப்பர்த் தன்மையுள்ள தடித்த பூச்சு. இது ப்ரைமருக்குக் காவல். துருவுக்கு எதிராகத் தனியாக நிற்காது.

துரு மாற்றி. பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ துருவோடு வினைபுரிந்து நிலையான சேர்மமாக மாற்றும். கடுந்தேநீரில் ஆணியைப் போட்டால் கறுப்பதும் டானின் செய்யும் இதே வேலை. தகட்டின் குழிகளில் சுரண்ட முடியாமல் தங்கிய மெல்லிய துருவுக்கு இது நல்ல துணை. செதிலாக உரியும் தடித்த துருவுக்குள் இது இறங்காது. மேல்தோலை மாற்றிவிட்டு அடியை விட்டுவிடும். போன தகட்டை எந்தத் திரவமும் திருப்பித் தராது.

## வேலையில் இறங்குமுன்

காரின் அடியில் ஆள் படுக்கப் போகிறார். ஆகவே முதல் விதி: ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகவே கூடாது. சமமான கெட்டித் தரையில் நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, வண்டியின் எடைக்குத் தகுந்த ஆக்சில் ஸ்டாண்டுகளில் இறக்கி, கையால் ஆட்டிப் பார்த்த பிறகு உள்ளே போங்கள். ஸ்டாண்டு வைக்கும் இடமே துருப்பிடித்திருக்கலாம்; அதை முதலில் சோதியுங்கள்.

சோதித்துப் பார்ப்பது வெளிச்சத்தில், விரலாலும் கருவியாலும் நடக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். மெலிந்தது சப்தென்று மந்தமாகக் கேட்கும். சந்தேகமான இடத்தில் முனையால் அழுத்துங்கள். கதவடிப் பெட்டியின் அடி, ஜாக் வைக்கும் இடம், ஸ்ப்ரிங் மாட்டும் முனை, ஸ்டெப்னி வைக்கும் குழி, பேட்டரித் தட்டு இவற்றைத் தவறவிடாதீர்கள். சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி நகர்த்தினால், எங்காவது ஒட்டாமல் வழுக்கும். அங்கே தகட்டுக்குப் பதில் பட்டியோ பைபர் கிளாஸோ வைத்திருக்கிறார்கள்.

ஓட்டை இருந்தால் பூச்சைப் பற்றி யோசிக்க வேண்டாம். பலம் தாங்கும் சட்டத்தில் ஓட்டை என்றால், அழுகியதை வெட்டி எடுத்து, அதே தடிமனுள்ள புதுத் தகட்டைப் பற்றவைப்பது ஒன்றே வழி. வெல்டிங் எல்லாம் மெழுகுக்கு முன்னால் முடிய வேண்டும். மெழுகடித்த பெட்டியில் பின்னால் யாராவது வெல்டிங் செய்தால் உள்ளே தீப்பிடிக்கும். எப்போதாவது வண்டியை டிங்கரிங்குக்கு விட்டால் இதைச் சொல்லியே விடுங்கள்.

## கழுவுதல், காயவைத்தல், சுரண்டுதல்

சேற்றை முதலில் ஊறவைத்து, சாதாரணக் குழாய் நீரில் கரைத்து வெளியேற்றுங்கள். அதிக அழுத்தப் பீச்சுக் குழாயை இணைப்புகளுக்கு நேரே பிடித்தால், சேற்றோடு நீரும் இடுக்கின் ஆழத்துக்குப் போகும். வடிகால் ஓட்டைகளை வளைந்த கம்பியால் குத்தித் திறந்து, பெட்டிக்குள்ளும் நீர்விட்டு, கீழே தெளிவாக வரும்வரை அலசுங்கள். பிறகு காயவிடுங்கள். இரண்டு மூன்று நாட்கள், காற்றோட்டத்தோடு. பெட்டிகளுக்குள் கம்ப்ரசர் காற்றையோ மின்விசிறியையோ திருப்பி வைத்தால் நல்லது. அவசரக்காரர்கள் தோற்பது இந்த இடத்தில்தான்: உள்ளே ஈரமிருக்கும்போது மெழுகடித்தால் ஈரத்தையும் சேர்த்தே பூட்டுகிறோம்.

பழைய கறுப்புப் பூச்சு முழுவதையும் எடுக்க வேண்டுமா? இறுக ஒட்டி, மீள்தன்மையோடு இருப்பதைச் சீண்ட வேண்டாம். பிளந்தது, ஊதியது, நகத்தால் தூக்கினால் வருவது எல்லாம் போக வேண்டும். ஓரத்தில் கத்தியைச் செருகினால் பாளமாகக் கழன்று அடியில் பழுப்புத் தெரிந்தால், அந்தப் பகுதி முழுவதையும் எடுத்துவிடுவது மேல். ஹீட் கன்னால் இளக்கிச் சுரண்டுவது வழக்கம். பெட்ரோல் டேங்க், எரிபொருள் குழாய், பிரேக் குழாய்ப் பக்கத்தில் அதைக் கொண்டுபோகக் கூடாது. சில பழைய அண்டர்கோட்டிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இழை கலந்திருந்தது. வண்டியின் வயது தெரியும், பூச்சின் வரலாறு தெரியாது என்றால், கிரைண்டரால் உலர்த்தூளாக்காதீர்கள். முதலில் ஒரு துண்டைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.

துருவை எடுக்க வயர் பிரஷ் சக்கரத்தைத்தான் எல்லாரும் எடுக்கிறார்கள். செதில்களைத் தட்டிவிட அது நல்லது. ஆனால் குழிக்குள் இருக்கும் துருவை எடுக்காமல், மேலே மெருகேற்றிக் கரும்பழுப்பில் பளபளக்கவைக்கும். சுத்தமாகிவிட்டது என்று கண் ஏமாறும். வயர் பிரஷ்ஷுக்குப் பின் 80 எண் உப்புத்தாளோ சுரண்டும் டிஸ்க்கோ போட்டு, வெள்ளித் தகடு தெரியும்வரை போங்கள். குழியில் கரும்புள்ளி மிஞ்சினால் அங்கே மட்டும் துரு மாற்றியைத் தொட்டுவைத்து, டப்பாவில் சொன்ன நேரம் முழுவதும் காத்திருங்கள். பாஸ்பாரிக் அமில வகை என்றால் சொன்னபடி கழுவி, உடனே உலர்த்த வேண்டும். அமில மிச்சத்தின்மேல் எபாக்சி ஒட்டாது.

இந்த வேலைகளுக்குக் கண்ணாடி, கையுறை, தூசிக்கான முகமூடி கட்டாயம். கரைப்பான் அடிக்கும்போது கரிம ஆவியைப் பிடிக்கும் வடிகட்டியுள்ள முகமூடி வேண்டும். துணிமுகமூடி எதற்கும் உதவாது.

## அடுக்கு அடுக்காகப் பூசுதல்

எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவத்தால், ஒரு துணியில் துடைத்து இன்னொரு துணியில் உலர்த்துங்கள். தகட்டின் வெப்பநிலை காற்றின் பனிப்புள்ளியைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாகவும், ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழாகவும் இருக்கும்போதே பெயின்ட் அடிக்க வேண்டும். பனிப்புள்ளி என்பது காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை. அதற்கு நெருக்கத்தில் தகடு இருந்தால், கண்ணுக்குத் தெரியாத பனியின்மேல்தான் பூசுகிறீர்கள்.

வெறுந்தகட்டில் எபாக்சி ப்ரைமர் இரண்டு கோட். சிறிய காரின் அடிப்பக்கம் முழுவதற்கும் கலந்த நிலையில் ஏறக்குறைய 2 முதல் 3 லிட்டர் தேவைப்படும். விளிம்புகளிலும் வெல்டிங் கோடுகளிலும் பெயின்ட் மெலிந்து வழியும் என்பதால், அவற்றை முதலில் பிரஷ்ஷால் ஒரு முறை தொட்டுவிட்டுப் பிறகு முழுவதும் அடியுங்கள். கலவை விகிதத்தைக் கண்ணளவில் ஊற்றுவது எபாக்சியில் மன்னிக்கப்படாத தவறு. விகிதம் பிசகினால் ஆண்டுக்கணக்கில் மெத்தென்றே கிடக்கும்.

ப்ரைமர் காய்ந்ததும் தகடுகள் சேரும் கோடுகளில் சீம் சீலர். இது இணைப்பின் வாயை மூடும் பசை. வெறுந்தகட்டின்மேல் இதை இழுக்கக் கூடாது, எபாக்சியின்மேல்தான். இன்னொன்று: நீர் வடிய வேண்டிய கீழ்வாயை மூடிவிடாதீர்கள். அதன்மேல் வீல் ஆர்ச்சுக்கும் கல் படும் இடங்களுக்கும் மட்டும் கல்லடிப் பூச்சு. முழு அடிப்பக்கத்துக்கும் அதைத் தடிக்க அடிப்பது வீண் எடை. பிற்காலத்தில் தகட்டின் நிலை கண்ணுக்குத் தெரியாமலும் போகும். எங்களைக் கேட்டால் அடிப்பக்கத்தை வெளிர்நிறத்தில் அடிக்கச் சொல்வோம். சாம்பலிலோ வெள்ளையிலோ முதல் துருக்கோடு அன்றே தெரியும். கறுப்பில் ஓட்டை விழுந்தபின் தெரியும்.

எல்லாம் நன்கு காய்ந்த பிறகு, கடைசி அடுக்காக அடிப்பக்க மெழுகு. தடிக்க ஒரே கோட்டாக அல்லாமல் மெல்லிதாக இரண்டு கோட். நிறமில்லாத, உள்ளே தெரியும் வகையைத் தேர்ந்தெடுங்கள்.

இந்தப் பகுதியின் சுருக்கம்: சுத்தத் தகடு, எபாக்சி, சீம் சீலர், தேவையான இடத்தில் கல்லடிப் பூச்சு, மேலே மெழுகு. வரிசை மாறினால் அடுத்தது ஒட்டாது.

## பெட்டிகளின் உள்பக்கம்

வேலையில் முக்கியமானது இதுதான் என்றாலும் கண்ணுக்குத் தெரியாததால் கடைசிக்குத் தள்ளப்படுகிறது. பெட்டிகளுக்கு என்றே இளக்கமான மெழுகு தனியாக உண்டு. அடிப்பக்கத்துக்கானதைவிட நீர்த்தது, இடுக்கில் வேகமாக ஊரும். சிறிய காருக்குப் பெட்டிகளுக்கு மட்டும் 2 முதல் 3 லிட்டரும், வெளிப்பக்கத்தோடு சேர்த்தால் 4 முதல் 6 லிட்டரும் என்று வைத்துக்கொள்ளலாம்.

வேண்டியது கம்ப்ரசரும், எல்லாப் பக்கமும் வட்டமாகத் தெளிக்கும் நாசில் பொருத்திய நீண்ட வளையும் குழாயும். மெழுகு டப்பாவின் மூடியைத் தளர்த்தி, கைபொறுக்கும் வெந்நீர் வாளியில் கொஞ்சநேரம் வைத்தால் நன்றாகப் பாயும். அடுப்பிலோ தீயிலோ வைக்கவே வேண்டாம். அதில் தீப்பற்றும் கரைப்பான் இருக்கிறது.

ஏற்கெனவே இருக்கும் ரப்பர் அடைப்புகளைக் கழற்றி, குழாயைப் பெட்டியின் மறுகோடிவரை தள்ளுங்கள். அங்கிருந்து தெளித்தபடியே மெதுவாக வெளியே இழுங்கள். ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் இரு திசையிலும் இப்படி. கீழ் இணைப்பிலிருந்து மெழுகு கசிந்தால் உள்ளே இடுக்குவரை போயிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. கசியாவிட்டால் திரும்ப அடியுங்கள். வசதிக்காகப் பெட்டியில் புதிதாக ஓட்டை போடுவதை, பலம் தாங்கும் சட்டங்களில் செய்யாதீர்கள். மறுநாள் வடிகால் ஓட்டைகள் ஒவ்வொன்றையும் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

நடுத்தூணுக்குள் சீட் பெல்ட் சுருளும் இயந்திரம் இருந்தால், அதைக் கழற்றியோ பாலித்தீனில் சுற்றியோ காத்த பிறகே தெளிக்க வேண்டும். மெழுகு பட்ட சுருள், தேவைப்படும் நொடியில் பூட்டிக்கொள்ளாமல் போகலாம்.

## மெழுகு போகக்கூடாத இடங்கள்

பிரேக் டிஸ்க், ட்ரம், பேட், காலிப்பர் ஆகியவற்றைப் பாலித்தீனும் டேப்பும் போட்டு முழுதாக மூடுங்கள். பிரேக்கில் ஒரு துளி மெழுகு பட்டால்கூடப் பிடிமானம் போகும். சைலன்சரும் புகைக்குழாயும் சூடானதும் மெழுகு புகையும், எரியவும் செய்யும். ஹேண்ட்பிரேக் கேபிள், டிரைவ் ஷாஃப்ட், கியர்பாக்ஸின் மூச்சுத்துளை, மின்சார எர்த் இணைப்புகள் இவையும் வேண்டாம். எண்ணெய் கலந்த பொருட்கள் இயற்கை ரப்பரை ஊதவைக்கும்; சஸ்பென்ஷன் புஷ்களையும் பிரேக் ஹோஸ்களையும் டேப் சுற்றிவிடுங்கள். உலோக பிரேக் குழாய்களின்மேல் மெழுகு நல்லதே. ஆனால் அரிப்பு இருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் மாற்றிய பிறகு.

## ஆண்டுதோறும்

மெழுகு நிரந்தரமல்ல என்பதைக் குறையாகச் சொல்வார்கள். இறுகாதது என்பதால்தான் அது இடுக்கில் ஊர்கிறது. அதே காரணத்தால் தேய்கிறது. மழைக்காலமோ உப்புச் சாலைக் காலமோ முடிந்ததும் அடிப்பக்கத்தை மென்மையாகக் கழுவி, நாலு நாள் காயவிட்டு, டார்ச்சோடு ஒருமுறை படுத்துப் பாருங்கள். வீல் ஆர்ச்சின் பின்பக்கத்திலும் தரையின் முன்விளிம்பிலும் மெழுகு தேய்ந்து ப்ரைமர் தெரியும். அரை லிட்டரோ ஒரு லிட்டரோ தெளித்தால் அந்த ஆண்டுக்குப் போதும். பெட்டிகளின் உள்பக்கத்துக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை.

ப்ரைமர் செதுங்கிய புள்ளி தெரிந்தால் மெழுகால் மூடிவிட்டுப் போகாதீர்கள். அந்த இடத்தில் மட்டும் மெழுகைத் துடைத்து, சுரண்டி, எபாக்சியைப் பிரஷ்ஷால் தொட்டு, காய்ந்தபின் மெழுகிடுங்கள். பொட்டளவு இடத்துக்கு அரைமணி வேலை. அதையே இரண்டு மழைக்காலம் தள்ளிப்போட்டால் உள்ளங்கையளவு தகட்டை வெட்டிப் பற்றவைக்க வேண்டியிருக்கும். கீழே படுத்திருக்கும்போதே வடிகால் ஓட்டைகளில் கம்பியை விட்டுப் பாருங்கள். கம்பி முனையில் மெழுகு ஒட்டிவந்தால் பெட்டி நலமாக இருக்கிறது. பழுப்பு நீர் சொட்டினால், குழாயையும் கம்ப்ரசரையும் அன்றே வெளியே எடுங்கள்.